வடசென்னை நீரில் சிறுத்து முதிரும் ஆண்மீன்கள்

வியாசர்பாடி வழியாக ஓடும் கேப்டன் காட்டன் கால்வாய் பக்கிங்காம் கால்வாயில் போய்ச் சேர்கிறது. பக்கிங்காம் கால்வாய் வடக்கே கொசஸ்தலையாற்றையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் தொடுகிறது. சென்னையிலிருந்து எண்ணூர் வரை படகு விடுவதற்காக 1806-இல் பேசில் காக்ரேன் வெட்டிய வாய்க்கால்தான் இதன் தொடக்கம். 1877-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நீட்டப்பட்ட பிறகு பக்கிங்காம் என்ற பெயர் வந்தது. படகு ஓடிய இடத்தில் இன்று சாக்கடை ஓடுகிறது. அந்தத் தண்ணீரிலும் மீன் உண்டு. சென்னைக்காரர்கள் ஜிலேபி என்றும் ஜிலேபிக் கெண்டை என்றும் சொல்கிற மொசாம்பிக் திலாப்பியா, மற்ற மீன்கள் ஓடிப்போன நீரிலும் தாக்குப்பிடிக்கிறது. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர், உப்பளத்து நீர் எதுவானாலும் அதற்குச் சம்மதம். பிராணவாயு குறைந்தால் மேற்பரப்புக்கு வந்து, காற்றை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சிச் சமாளிக்கும். இப்படிப்பட்ட நீரில் வாழும் ஆண் ஜிலேபி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. ஆனால் உடம்பு கன்னங்கரேல் என்றிருக்கும், தாடைக்கு அடியில் வெளுத்திருக்கும், துடுப்பு விளிம்பில் சிவப்பு ஏறியிருக்கும். வயிற்றை மெல்ல அழுத்தினால் பால்போல விந்து கசியும். குஞ்சு என்று நினைத்து ஒதுக்கிவிடக்கூடிய அந்த மீன், இனப்பெருக்கத்துக்குத் தயாரான முழு ஆண்.

சிறிய உடம்பிலேயே முதிர்ச்சி வந்துவிடுவதை 'அது ஜிலேபியின் புத்தி' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது நம் வழக்கம். மீன்வளத் துறையினரும் பண்ணைக்காரர்களும் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் பேசிவந்திருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரு மீன் எப்போது, எந்த அளவில் முதிர்கிறது என்பதை அதன் மரபு தனியாக முடிவு செய்வதில்லை. தண்ணீரின் வெப்பம், அதில் கரைந்திருக்கும் பிராணவாயு, கிடைக்கும் தீனி, நாளைக்கும் உயிரோடு இருக்கும் வாய்ப்பு ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அந்த முடிவு உருவாகிறது. ஆகவே ஆண்மீனின் முதிர்ச்சி அளவைத் தண்ணீரைப் பற்றிய சாட்சியமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வடசென்னையின் நீர்நிலைகளைப் பற்றி இவ்வளவு வழக்குகளும் குழுக்களும் அறிக்கைகளும் வந்த பிறகு இந்தச் சாட்சியையும் கூண்டில் ஏற்றுவது அவசியம்.

இந்தக் கேள்வியை உலகில் மிக ஆழமாக ஆராய்ந்தவர்கள் சால்மன் ஆய்வாளர்கள். அட்லாண்டிக் சால்மன் ஆற்றில் பிறந்து சில காலம் அங்கேயே வளரும். பிறகு கடலுக்குப் போய், ஒன்றிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தின்று கொழுத்து, பல கிலோ எடையோடு பிறந்த ஆற்றுக்கே திரும்பி இனம் பெருக்கும். ஆனால் ஆண்களில் ஒரு பகுதி கடலை எட்டிப் பார்க்காமலேயே, விரல் நீளத்தைச் சற்றுத் தாண்டிய உடம்போடு ஆற்றிலேயே முதிர்ந்துவிடும். பெரிய ஆணும் பெண்ணும் முட்டையிடும் குழியருகே இருக்கும்போது இந்தச் சிறுவன் கல்லிடுக்கில் பதுங்கியிருந்து, கடைசி நொடியில் பாய்ந்து தன் விந்தைச் செலுத்திவிடுவான். ஆற்றில் பொரியும் குஞ்சுகளில் கணிசமான பங்குக்கு இவர்களே தகப்பன்மார். எந்தக் குஞ்சு இப்படி ஆகும், எது கடலுக்குப் போகும் என்பதைச் சூழல் எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடி, ஸ்காட்லாந்தில் ஜான் தோர்ப்பும் அவரோடு பணியாற்றியவர்களும் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோதனைகள் செய்தார்கள். வசந்த காலத்தில் சில வாரங்கள் தீனியைக் குறைத்ததும் முதிரும் ஆண்களின் பங்கு குறைந்தது. குடலைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் கொழுப்பு ஒரு வரம்பைத் தாண்டியிருந்தால் மீன் முதிர்ச்சிப் பாதையில் தொடர்கிறது, தாண்டாவிட்டால் அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கிறது என்ற விளக்கம் அங்கிருந்து வந்தது.

பண்ணைகள் பெருகியபோது இது காசு சம்பந்தப்பட்ட பிரச்சினையும் ஆயிற்று. நார்வேயில் கடலுக்கு விடப்போகும் சால்மன் குஞ்சுகளைச் சீக்கிரம் வளர்க்க வேண்டும் என்று தண்ணீரைச் சூடாக்கி, இரவு பகலாக விளக்கும் எரித்துப் பார்த்தார்கள். 16 டிகிரி வெப்பமும் இடைவிடாத வெளிச்சமும் சேர்ந்தபோது, இன்னும் பெரிதாக வளர வேண்டிய ஆண்கள் பெருமளவில் முதிர்ந்து நின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா ஆற்றுக்காகச் சினூக் சால்மன் பொரிக்கும் நிலையத்தில், ஆண்களில் 37 முதல் 49 சதவீதம் வரை இரண்டு வயதிலேயே முதிர்ந்திருப்பதை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆற்றின் இயற்கையான மீன்களில் இது சொற்பம். ஒரே ஆற்றின் மீன்தான், மாறியது வளர்ப்பு முறை. மரபுக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. அட்லாண்டிக் சால்மன் எத்தனை ஆண்டு கடலில் இருந்துவிட்டு முதிர்கிறது என்பதில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 39 சதவீதத்தை ஒரே ஒரு மரபணுப் பகுதி விளக்குகிறது என்று 2015-இல் கண்டுபிடித்தார்கள். ஒரு மரபணுவுக்கு இது மிகப் பெரிய பங்கு. அப்படி இருந்தும் தீனியையும் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் மாற்றினால் முதிரும் ஆண்களின் எண்ணிக்கை மாறுகிறது.

சூழல் மீனின் உடம்புக்குள் நுழையும் வழியும் இப்போது ஓரளவு தெளிவாகியிருக்கிறது. வெப்பம், பகலின் நீளம், உடலில் சேர்ந்துள்ள கொழுப்பு ஆகிய செய்திகள் மூளையில் வந்து கூடுகின்றன. மூளை பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்கிறது, பிட்யூட்டரி விந்தகத்துக்குச் சொல்கிறது, விந்தகம் ஆண் ஹார்மோனைச் சுரக்கிறது. நூல்போலத் தெளிந்து கிடந்த விந்தகம் தடித்து வெளுக்கிறது. இந்தச் சங்கிலி சால்மனுக்கும் ஜிலேபிக்கும் பொது. ஆண்களில் இது முந்திக்கொள்வதற்குக் காரணம் செலவுக் கணக்கு: விந்து உற்பத்தி செய்யச் சிறிய உடம்பு போதும், முட்டைக்கோ பெரிய உடம்பு வேண்டும். ஜிலேபிப் பெண் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்து ஏறத்தாழ மூன்று வாரம் சரியாகத் தின்னாமல் காக்கிறாள் என்பதால் அவளுக்கு வாயின் அளவும் ஒரு வரம்பு. ஆணுக்கு அந்தச் சுமை இல்லை. தரையில் குழி தோண்டிக் காவல் காத்துப் பெண்ணை அழைப்பது அவன் வேலை. குழி பிடிக்க வலுவில்லாத ஆண் கறுப்பை ஏற்றிக்கொள்ளாமல் பெண்போல வெளிறிய நிறத்திலேயே இருந்து, அடுத்தவன் குழிக்குள் நுழைந்து விந்தைச் செலுத்திவிட்டு ஓடுகிறான். சால்மன் சிறுவன் செய்வதும் இதேதான், ஆற்றுக் கல்லிடுக்குக்குப் பதிலாகப் பக்கத்துக் குழி.

திலாப்பியாவின் முதிர்ச்சி எவ்வளவு நெகிழ்வானது என்பதைச் சில எண்களே சொல்லிவிடும். கிழக்கு ஆப்பிரிக்க ஏரிகளில் நைல் திலாப்பியா 10 முதல் 12 மாத வயதில், 350 முதல் 500 கிராம் எடையில் முதிர்கிறது. அதே மீன்களின் வாரிசுகளைப் பண்ணைக் குட்டையில் நன்றாகத் தீனி போட்டு வளர்த்தால் 5, 6 மாதத்திலேயே 150 முதல் 200 கிராமில் முதிர்ந்துவிடும். குட்டையில் வளர்ச்சி குன்றினால் 20 கிராமுக்கும் குறைவான உடம்போடு முட்டையிடும். நம்முடைய ஜிலேபி, அதாவது மொசாம்பிக் திலாப்பியா, நல்ல குட்டையில் மூன்றே மாதத்தில் 60 முதல் 100 கிராமுக்குள் முதிரும். சத்தில்லாத குட்டையில் 15 கிராமிலேயே முதிர்ந்துவிடும். ஏரியில் அரைக்கிலோ, குட்டையில் ஒரு பிடிக்குள் அடங்கும் உடம்பு. இவ்வளவு பெரிய வேறுபாட்டை மரபு ஒன்றால் விளக்க முடியாது. ஏரி மீன்தான் குட்டைக்கு வந்தது, வந்த இடத்தில் கணக்கை மாற்றிக்கொண்டது.

எந்தச் சூழல் காரணி இந்த மாற்றத்தில் முதலில் நிற்கிறது என்பதில் என் முடிவு பிராணவாயுவின் பக்கம். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெப்பே கோல்டிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட சோதனையில் நைல் திலாப்பியாவை மூன்று வெவ்வேறு பிராணவாயு அளவுகளில் வளர்த்தார்கள். பிராணவாயு குறையக் குறைய வளர்ச்சி குறைந்தது, முதிர்ச்சி அளவும் சுருங்கியது. உடம்பு பெரிதாகும்போது அதன் தேவை கூடும், செவுளின் பரப்பு அதே வேகத்தில் கூடாது. மூச்சுக்கு வழியில்லாத நீரில் மேலும் வளர்வது நஷ்டம் என்பதால், மீன் வளர்ச்சியை நிறுத்தி இருக்கும் சத்தை விந்துக்குத் திருப்பிவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இதை வடசென்னைக் கால்வாய்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். வீட்டுக் கழிவுநீரில் உள்ள கரிமப் பொருளைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்கின்றன. பகலில் பச்சைப் பாசி வெயிலில் பிராணவாயுவை வெளியிட்டு இந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டும். இரவில் பாசியும் சேர்ந்து மூச்சு விடுவதால் விடிவதற்கு முன் அளவு அடிமட்டத்துக்குப் போகும். மதியம் இரண்டு மணிக்கு ஒரு பாட்டிலில் எடுத்த மாதிரி, அதிகாலை நான்கு மணிக்கு அங்கே என்ன இருந்தது என்று சொல்லாது. ஜிலேபி அந்த நான்கு மணியையும் நாள் தவறாமல் வாழ்ந்து கடக்கிறது, அதன் உடம்பில் அது பதிவாகிறது.

வெப்பம் இந்த நெருக்கடியை இறுக்குகிறது. 25 டிகிரி வெப்பமுள்ள நல்ல நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பிராணவாயு கரையும், 35 டிகிரியில் 7-க்கும் சற்றுக் குறைவாகத்தான் கரையும். அதே பத்து டிகிரி ஏற்றத்தில் மீனின் உடல் கேட்கும் பிராணவாயு ஏறத்தாழ இரட்டிப்பாகும். எண்ணூரில் இது ஏட்டுக் கணக்கு இல்லை. 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆனால் வடசென்னை அனல்மின் நிலையம் முதல் நிலையில் 630, இரண்டாம் நிலையில் 1200 மெகாவாட்டோடு நிற்கிறது, 2024-இல் 800 மெகாவாட் மூன்றாம் நிலையும் சேர்ந்தது. வல்லூரில் 1500 மெகாவாட் நிலையம் தனியாக இருக்கிறது. கொதிகலன் நீராவியைக் குளிர்வித்து வெளிவரும் சுடுதண்ணீர் பற்றியும், கழிமுகத்தில் படியும் சாம்பல் பற்றியும் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்கள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிவருகிறார்கள். கடல்நீரால் குளிர்விக்கும் புதிய அனல்மின் நிலையங்கள் தாம் நீர் விடும் இடத்தின் வெப்பத்தை 7 டிகிரிக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. ஏழு டிகிரிவரை உயர்த்தலாம் என்றும் அதற்குப் பொருள். நார்வேப் பண்ணையில் குஞ்சுகளின் முதிர்ச்சியை மாற்றிய வெப்ப வேறுபாடும் இதே வரிசையில் வருவதுதான். அது குளிர்நாட்டு மீன், நம்முடையது வெப்பநாட்டு மீன், எனவே எண்ணை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஆனால் நம் நீர் ஏற்கெனவே மீனின் தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒவ்வொரு டிகிரியும் இங்கே அதிகம் கனக்கும். நைல் திலாப்பியாக் குஞ்சுகளை முதல் சில வாரங்கள் 36 டிகிரியை ஒட்டிய நீரில் வைத்தால் பெண்ணாக வேண்டியவற்றிலும் பல ஆணாகிவிடுகின்றன என்பது சோதனையில் நிரூபணமான செய்தி. வெப்பம் ஆணின் வயதை மட்டுமின்றி ஆண்களின் எண்ணிக்கையையும் தொடுகிறது.

இங்கே கூர்ந்து படிப்பவர் ஒரு முரண்பாட்டைக் கேட்பார், கேட்கவும் வேண்டும். சால்மனில் நல்ல தீனியும் இதமான வெப்பமும் சேர்த்துவைத்த கொழுப்பும்தான் ஆணை முதிரவைக்கின்றன. ஜிலேபியிலோ பட்டினியும் மூச்சுத்திணறலும் அதையே செய்கின்றன என்கிறோம். வசதியும் வறுமையும் ஒரே விளைவைத் தருமா? விளைவு ஒன்றல்ல என்பதே பதில். வயதில் முந்துவது வேறு, உடம்பு சிறுத்திருக்கும்போதே முதிர்வது வேறு. நன்றாகத் தின்ற சால்மன் ஆண் தன் வரம்பைச் சீக்கிரம் எட்டுவதால் இளவயதில் முதிர்கிறது. நன்றாகத் தின்ற பண்ணைத் திலாப்பியாவும் ஏரி மீனைவிடப் பாதி வயதில் முதிர்கிறது, அதுவும் இதே வகைதான். வளர்ச்சி குன்றிய குட்டையில், நன்கு வளர்ந்த பண்ணை மீனோடு ஒப்பிட்டால், நைல் திலாப்பியாவின் முதிர்ச்சி வயது ஒன்றிரண்டு மாதம் தள்ளித்தான் போகிறது. சுருங்குவது உடம்பின் அளவு. ஆக, மீனுக்குள் இருப்பது 'இந்த வயது' என்றோ 'இந்த எடை' என்றோ ஒரு நிலையான எண் கிடையாது. எவ்வளவு வேகமாக வளர்கிறோம், இன்னும் வளர்ந்தால் என்ன கிடைக்கும், காத்திருந்தால் பிழைப்போமா என்ற மூன்றையும் வைத்து இயங்கும் ஒரு நெகிழ்வான வரம்பு இருக்கிறது. வசதியில் அந்த வரம்பைச் சீக்கிரம் தொடலாம். நெருக்கடியில் வரம்பே கீழே இறங்கி வருகிறது. கால்வாய் மீனைப் பார்த்து 'சீக்கிரம் முதிர்கிறது, நன்றாகத் தின்கிறது போலும்' என்று யாராவது முடிவு கட்டினால், இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார் என்று பொருள்.

'காத்திருந்தால் பிழைப்போமா' என்ற மூன்றாவது கேள்விக்குச் சான்று டிரினிடாட் தீவின் ஓடைகளிலிருந்து கிடைத்தது. நம் ஊர்ச் சாக்கடைகளிலும் வீட்டுத் தொட்டிகளிலும் காணும் கப்பி மீனின் தாயகம் அந்தப் பகுதிதான். பெரிய கப்பிகளைத் தின்னும் வேட்டை மீன்கள் உள்ள ஓடைகளில் கப்பிகள் சிறிய உடம்பிலேயே, இளவயதிலேயே முதிர்கின்றன. வேட்டை குறைந்த ஓடைகளில் தாமதமாக, பெரிதாக முதிர்கின்றன. 1976-இல் ஆபத்தான ஓடையிலிருந்து எடுத்த கப்பிகளை ஆபத்து குறைந்த, கப்பியே இல்லாத ஓர் ஓடையில் விட்டார்கள். 11 ஆண்டு கழித்து, 30 முதல் 60 தலைமுறைக்குப் பிறகு, அவற்றின் வாரிசுகள் தாமதித்துப் பெரிய உடம்போடு முதிர்வதை டேவிட் ரெஸ்னிக் குழுவினர் 1990-இல் எழுதினார்கள். பெரிய உடம்புக்கு மரணம் நிச்சயம் என்றால் சிறிய உடம்பு ஜெயிக்கிறது, மரணம் விலகினால் பெரிய உடம்பு திரும்பி வருகிறது. எண்ணூரில் வேட்டை மீனுக்குப் பதிலாக எண்ணெய் வருகிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை முழுவதும் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் இறங்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஏழெட்டு ஆண்டு பொறுமையாக வளர்ந்து முதிர நினைக்கும் மீனுக்கு இந்தக் கழிமுகத்தில் இடமில்லை.

இனத்தின் மீதே பழியைப் போடும் வாதத்தை இனி நேராகப் பார்க்கலாம். ஆசியாவில் பரவிய மொசாம்பிக் திலாப்பியாவில் பெரும்பகுதி, 1930-களின் இறுதியில் ஜாவாவில் கிடைத்த விரல்விட்டு எண்ணக்கூடிய மீன்களின் சந்ததி என்று சொல்லப்படுகிறது. இந்தியாவுக்கு அது 1952-இல், நம் மண்டபத்தில் உள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக வந்தது. குட்டைகளில் கட்டுக்கடங்காமல் குட்டைப் பிறவிகளாகப் பெருகியதைப் பார்த்து 1959-இல் அதைப் பரப்பத் தடை விதித்தார்கள். உட்கலப்பால் சீரழிந்த குலம், அதனால்தான் சிறுக்கிறது என்பது வாதம். உட்கலப்பு ஓரளவு உண்மையாகவே இருக்கட்டும். அப்படியானால் இதே மீன் எங்கும் சிறுத்திருக்க வேண்டும். இலங்கையில் 1950-களில் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் விடப்பட்ட இந்த மீன்தான் பராக்கிரம சமுத்திரம் போன்ற பெருங்குளங்களின் வணிக மீன்பிடிப்பையே உருவாக்கியது. செவுள்வலையில் சிக்கி விலைபோகும் அளவுக்கு அங்கே வளர்ந்தது. சேன டி சில்வா 1980-களில் அந்த நீர்த்தேக்கங்களை ஒப்பிட்டபோது முதிர்ச்சி அளவு நீர்த்தேக்கத்துக்கு நீர்த்தேக்கம் வேறுபட்டது. தமிழ்நாட்டின் அமராவதி நீர்த்தேக்கத்திலும் ஜிலேபி பல ஆண்டுகள் மீன்பிடிப்பின் முதுகெலும்பாக இருந்தது. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தெரிவு இனப்பெருக்கத்தில் உருவான கிஃப்ட் திலாப்பியா வேகமாக வளர்வது மரபின் பங்கைக் காட்டுகிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. மரபு எல்லையைக் குறிக்கிறது. அந்த எல்லைக்குள் மீன் எங்கே நிற்கும் என்பதைத் தண்ணீர் சொல்கிறது.

வலையைக் குற்றம் சொல்பவர்களின் வாதம் இதைவிட வலுவானது. பெரிய மீனையே அள்ளிக்கொண்டிருந்தால் சிறுத்து முதிர்பவையே மிஞ்சும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீன், 1992 ஜூலையில் பிடிப்பு தடைசெய்யப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இளவயதில், சிறிய உடம்பில் முதிரத் தொடங்கியிருந்ததை 2004-இல் நிறுவினார்கள். எண்ணூரில் மீன் சிறுத்திருந்தால் அதற்குக் குப்பத்து வலையே காரணம் என்று ஆலைத் தரப்பு சொல்வதற்கு இது வசதியான ஆதாரம். வலையும் ஒரு மரணமே என்பதால் இந்தப் பாதிப்பை நான் ஒதுக்கவில்லை. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வடசென்னையிலேயே வழி இருக்கிறது. கொசஸ்தலையாற்றின் மேலே 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் உள்ளது, அங்கே வலை போடுகிறார்கள், தண்ணீர் குடிநீருக்காகக் காக்கப்படுகிறது. கீழே எண்ணூர்க் கழிமுகத்தில் வலையும் உண்டு, மாசும் உண்டு. வியாசர்பாடிக் கால்வாயில் மாசு உண்டு, தொழிலாக வலை போடுபவர் கிடையாது. வலைதான் காரணம் என்றால் பூண்டி ஜிலேபி சிறுத்திருக்க வேண்டும், வியாசர்பாடி ஜிலேபி பெருத்திருக்க வேண்டும். தண்ணீர்தான் காரணம் என்றால் நேரெதிராக இருக்கும். அளந்தால் தெரிந்துவிடும்.

மீன் சூழலுக்குத் தக்கபடி மாறிப் பிழைத்துக்கொள்கிறதே, இதில் என்ன இழப்பு என்று கேட்பவர்களும் உண்டு. ஜிலேபி பிழைக்கிறது, உண்மை. பிழைக்க முடியாதவற்றை எண்ண வேண்டும். கொடுவா முதலில் ஆணாக மூன்று நான்கு வயதில் முதிர்ந்து, ஆறு முதல் எட்டு வயதில்தான் பெண்ணாக மாறுகிறது. காலாவும் ஆணாகத் தொடங்கிப் பெண்ணாகும் மீன்தான். பெரிய உடம்பு வரை உயிரோடு இருந்தால்தான் அந்த இனத்தில் பெண்ணே கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் கார்பென்டேரியா வளைகுடாவில் சிறுத்த நிலையிலேயே முதிர்ந்து பாலினம் மாறும் கொடுவாக் கூட்டம் ஒன்று இருப்பதை 1980-களில் விவரித்திருக்கிறார்கள், ஆகவே அதற்கும் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. ஆனால் மூன்று மாதத்தில் முதிரும் ஜிலேபியோடு அது போட்டியிட முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயோ அம்மோனியாவோ வந்து துடைத்துப் போடும் நீரில், அவசரமாக முதிரத் தெரிந்தவை மட்டும் எஞ்சும். கழிமுகத்தில் இறாலையும் நண்டையும் விரட்டி அடியில் பாய்போலப் படர்ந்திருக்கும் தென் அமெரிக்க மட்டி, மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்வது, தீனி குறைந்தால் பெண்கள் ஆணாக மாறிவிடும் தன்மை கொண்டது என்று 2010-இல் ஆய்வகத்தில் கண்டார்கள். இப்படிப்பட்ட உயிர்கள் பெருகும் இடத்தில் விலைபோகும் மீன் குறையும். கொடுவா ஒன்று விற்ற காசுக்குச் சிறுத்த ஜிலேபி எத்தனை கூடை விற்றாலும் ஈடாகாது. இழப்பு குப்பத்து அடுப்பில் தெரிகிறது.

இதை அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு அளவில் நூறு ஆண்மீன்களைப் பிடித்து, நீளத்தை அளவுகோலில் குறித்து, வயிற்றைத் திறந்து விந்தகம் நூல்போலக் கிடக்கிறதா, வெளுத்துத் தடித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். பாதி மீன்கள் முதிர்ந்திருக்கும் நீளம் எது என்பது அந்த நீரின் எண். தலைக்குள் இருக்கும் காதுக்கல்லையும் எடுத்துவைக்கலாம். மெதுவாக வளர்ந்த கிழட்டு மீனில் அது உடம்பின் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும், குஞ்சில் அப்படி இருக்காது. குஞ்சா, சிறுத்த கிழமா என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு தடவை செய்தால், மாசு அளவீடுகள் காட்டாத மாதங்களின் கதையும் சேர்ந்து வரும். முதிர்ச்சி நீளம் ஏறினால் தண்ணீர் தேறுகிறது, இறங்கினால் தேறவில்லை. மீட்புப் பணிக்கு எத்தனை கோடி செலவானது என்ற கணக்கைவிட இந்த ஓர் எண் அதிக நேர்மையானது.

பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கொடுவாவை 1997-இல் முதன்முதலாக இந்தியாவில் சிறைப்பட்ட நிலையில் இனப்பெருக்கம் செய்துகாட்டிய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்த நீர்களில் மாதிரி எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இம்மூவரும் குப்பத்து மீனவர்களைக் கூலி கொடுத்துச் சேர்த்துக்கொண்டு பூண்டி, வியாசர்பாடி, எண்ணூர் ஆகிய மூன்று இடங்களிலும் ஜிலேபி ஆணின் முதிர்ச்சி நீளத்தை அளக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். கிடைக்கும் எண்ணை அந்தந்தக் குப்பத்திலும் தெருவிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.